வசூலுக்கு மட்டும் ஊழியன்

மாட்சிமை தங்கிய பிரிட்டிஷ் மன்னரின் வருவாய், சுங்கத் துறையின் சமூகத்துக்கு, அந்நாட்டுக் காண்ட்ராக்டர்கள் பணிவன்புடன் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

ஐயா,

தங்களுக்கு விழா எடுக்க இத்தனை ஆண்டு தாமதித்துவிட்டோம், பொறுத்தருள வேண்டும். விழாவுக்கு ஒரு நாள் லீவு போட வேண்டியிருந்தது. லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும். ஊழியனுக்குச் சம்பளத்தோடு ஆண்டுக்கு 5.6 வாரம் விடுமுறை என்று தங்கள் நாட்டுச் சட்டம் சொல்கிறது. ஊழியனுக்குரிய வரியை எங்களிடம் ஒரு பென்ஸ் குறையாமல் வாங்கிக்கொள்ளும் தாங்கள், அந்த 5.6 வாரத்தை மட்டும் எங்கே வைத்தோம் என்று மறந்துவிடுகிறீர்கள். மறதி பெரியவர்களுக்கு அழகு.

மடல் தமிழில் இருக்கிறதே என்று புருவம் உயர்த்த வேண்டாம். ஸ்லாவிலும் ரெடிங்கிலும் ஹாரோவிலும் காலை ரயிலில் லேப்டாப் பையோடு தொங்கும் காண்ட்ராக்டர்களில் எங்கள் ஆட்கள் கணிசம். மருத்துவமனை ராத்திரி ஷிஃப்டிலும் அப்படியே. தங்கள் கடிதங்களை இருபது தடவை படித்தும் புரியாமல் நாங்கள் விழித்திருக்கிறோம். பதிலுக்கு இதையாவது தாங்கள் புரியாமல் வைத்துக்கொண்டிருங்கள்.

தங்கள் சாதனை சாமானியமானதல்ல. தொழிலாளியைச் சுரண்டிய அரசுகள் உலகத்தில் ஏராளம். முதலாளி சுரண்டுவதைக் கண்டும் காணாமல் இருந்த அரசுகள் அதைவிட ஏராளம். ஆனால் ஒரே ஆளை, ஒரே நாற்காலியில், ஒரே நாளில், வரி கேட்கும்போது ஊழியனாகவும் விடுப்பு கேட்கும்போது வியாபாரியாகவும் ஆக்கி, இரண்டும் சட்டப்படி சரி என்று நிரூபித்த பெருமை தங்களுக்கு மட்டுமே உண்டு. சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் தம் உயிரை வைத்துப் பாய்ந்தார்கள். தாங்கள் எங்கள் சம்பளத்தை வைத்துப் பாய்கிறீர்கள்.

வரலாற்றைக் கொஞ்சம் நினைவூட்டுகிறோம். 1999 மார்ச் 9, பட்ஜெட் நாள். நிதியமைச்சர் கார்டன் பிரவுன் பேசி முடித்த கையோடு தங்கள் முன்னோரான உள்நாட்டு வருவாய்த் துறை ஒரு பத்திரிகைக் குறிப்பு வெளியிட்டது. அதன் எண் 35. அந்த எண்ணே விதிக்குப் பெயராகி, ஐஆர்35 என்று கால் நூற்றாண்டாக எங்கள் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நோக்கம் நியாயமானது, அதை மறைக்க மாட்டோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, திங்கட்கிழமை காலை சொந்த லிமிடெட் கம்பெனியின் பெயரில் அதே மேசைக்குத் திரும்பி, சம்பளத்துக்குப் பதில் டிவிடெண்ட் எடுத்து, நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுச் சந்தா கட்டாமல் நழுவியவர்கள் இருந்தார்கள். மனைவி பெயரில் பாதிப் பங்கு எழுதி வைத்து, அவருக்கும் டிவிடெண்ட் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அந்த மனைவி அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அறிய மாட்டார். எங்களில் எல்லோரும் உத்தமர் என்று சத்தியம் செய்ய இந்த மடல் எழுதப்படவில்லை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமைக் கதையில் இன்னொருவரும் இருந்தார். ‘வெள்ளிக்கிழமை ராஜினாமா செய், திங்கட்கிழமை கம்பெனியாக வா, இல்லாவிட்டால் வரவே வேண்டாம்’ என்று சொன்ன முதலாளி. அவருக்கு அதில் லாபம் இரட்டை. முதலாளி பங்கு நேஷனல் இன்சூரன்ஸ் மிச்சம். விடுமுறை, நோய்க்கால ஊதியம், நோட்டீஸ், காரணமில்லாமல் நீக்கினால் வழக்கு என்ற தொல்லைகளும் மிச்சம். தங்கள் விதி 17 ஆண்டுகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கணக்குப் போட வேண்டியதும், தப்பாகப் போட்டால் கட்ட வேண்டியதும் எங்கள் கம்பெனியே. முதலாளி காபி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

யார் ஊழியன், யார் காண்ட்ராக்டர் என்று பிரித்தறியத் தங்கள் நாட்டு நீதிமன்றங்கள் இன்றும் தொட்டுக் கும்பிடும் தீர்ப்பு ஒரு கான்கிரீட் லாரி ஓட்டுநருடையது. 1968 சட்ட அறிக்கையில் வந்தது. ரெடி மிக்ஸ்ட் கான்கிரீட் என்ற கம்பெனிக்கு அவர் ஓட்டினார். லாரியைத் தவணையில் அவரே வாங்க வேண்டும், ஆனால் கம்பெனி நிறத்தில்தான் வண்ணம் பூச வேண்டும். சீருடையும் கம்பெனியுடையது. வண்டியைக் கம்பெனியின் வேலை தவிர வேறெதற்கும் ஓட்டக் கூடாது. இப்படிப்பட்டவர் ஊழியரா என்று கேட்டபோது, இல்லை, சுயமாகத் தொழில் நடத்துபவர் என்றார் நீதிபதி. நேஷனல் இன்சூரன்ஸ் பொறுப்பு கம்பெனிக்கு இல்லாமல் போனது. அரசு தோற்றது, கம்பெனி ஜெயித்தது. ஓட்டுநரின் நலன் என்ன என்று விசாரிக்க அந்த வழக்கில் யாருக்கும் அவசியம் நேரவில்லை. அங்கிருந்தே எங்கள் குலமரபு தொடங்குகிறது. இருவர் பணத்துக்குச் சண்டை போடுவார்கள், நடுவில் சண்டைக்குப் பொருளாகக் கிடப்பவர்கள் நாங்கள்.

2017 ஏப்ரலில் தாங்கள் புதிய வழி கண்டீர்கள். பொதுத்துறையில் வேலை செய்பவர் ஐஆர்35-க்கு ‘இன்சைடா’ ‘அவுட்சைடா’ என்பதை இனி வேலை கொடுப்பவரே முடிவு செய்ய வேண்டும். கவனமில்லாமல் தப்பாக முடிவு செய்தால் பாக்கி அவர் தலையில். இதைக் கேட்டதும் மருத்துவமனை நிர்வாகங்கள் என்ன செய்திருக்கும் என்பதை யூகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்றது விதி. பல இடங்களில் டாக்டர், நர்ஸ், கம்ப்யூட்டர் ஆள் எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘இன்சைட்’ என்று முத்திரை குத்தினார்கள். ‘இன்சைட்’ என்றால் வரிக்கு ஊழியர். சரி, ஊழியர் ஆகிவிட்டோமே, விடுமுறைச் சம்பளம் எங்கே, பென்ஷன் எங்கே என்று கேட்டவர்களுக்குத் தாங்கள் தந்த விளக்கம் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது: வரிச் சட்டம் வேறு, தொழிலாளர் சட்டம் வேறு. ஒன்றில் ஊழியர் என்பதால் மற்றொன்றிலும் ஊழியர் என்று அர்த்தமில்லை.

காய்ச்சல் வந்தால்? அதற்கும் தங்கள் வழிகாட்டுதல் பதில் வைத்திருக்கிறது. நோய்க்கால ஊதியத்தைக் கொடுக்கும் கடமை வேலை வாங்குபவருக்கு இல்லை, வேலை பிடித்துத் தரும் ஏஜென்சிக்கும் இல்லை. காண்ட்ராக்டரின் சொந்தக் கம்பெனிக்கு உண்டு. ஆஹா! எங்கள் கம்பெனியின் ஒரே இயக்குநர், ஒரே பங்குதாரர், ஒரே ஊழியர், ஒரே டீ போடுபவர் எல்லாம் நாங்களே. 102 டிகிரிக் காய்ச்சலில் படுக்கையில் கிடந்தபடி எங்களுக்கே ஒரு விண்ணப்பம் எழுதி, எங்கள் கையொப்பத்தை நாங்களே சரிபார்த்து, எங்கள் பணத்தை எங்களுக்கே வழங்கி, நன்றி ஐயா என்று எங்களையே கும்பிட்டுக்கொள்ளலாம். அந்தப் பணமும் தாங்கள் ஊழியர் வரி பிடித்து அனுப்பிய மிச்சம்.

‘இன்சைடா அவுட்சைடா’ என்று கண்டுபிடிக்கத் தாங்கள் இணையத்தில் ஒரு கருவி தந்தீர்கள். செஸ்ட் என்று பெயர். கேள்விகளுக்கு விடை தட்டினால் தீர்ப்பு வரும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, முடிவு சொல்ல இயலவில்லை என்று வரும். எங்கள் ஊர்க் குறி சொல்பவர்கூட, வடகிழக்கே ஒரு நல்ல சேதி இருக்கிறது என்று ஏதாவது சொல்லித்தான் காசு வாங்குவார். விவரத்தை ஒழுங்காகக் கொடுத்தால் கருவியின் முடிவுக்குக் கட்டுப்படுவோம் என்று தாங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். அதை நம்பியவர்களில் தங்கள் அரசின் சொந்த அமைச்சகங்களும் உண்டு. வேலை, ஓய்வூதியத் துறை 87.9 மில்லியன் பவுண்டு பாக்கி என்று மாட்டிக்கொண்டது. நீதித்துறை, உள்துறை என்று வரிசையாக விழுந்தன. உள்துறைக்குக் கவனக்குறைவு என்று அபராதம் வேறு. தேசியத் தணிக்கை அலுவலகம் 2022 பிப்ரவரியில் கூட்டிப் பார்த்தபோது, மத்திய அரசுத் துறைகள் 2020-21 கணக்கில் மட்டும் 263 மில்லியன் பவுண்டு தர வேண்டியிருந்தது தெரிந்தது. நீதித்துறைக்கே புரியாத சட்டம், அரசே தேர்ச்சி பெறாத பரீட்சை. ஆனால் அரசு தோற்றால் வரி செலுத்துவோர் பணத்தில் கட்டுகிறது, கருவூலத்துக்கே கட்டுகிறது, கோப்பை மூடுகிறது. நாங்கள் தோற்றால் வீட்டை விற்கிறோம்.

இந்த மடலின் சிகரம் இனிமேல்தான். 2017 விதி வந்தபின் ‘இன்சைட்’ ஆக்கப்பட்ட ஒரு பெண்மணி விடுமுறைச் சம்பளம் கேட்டுத் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போனார். வரிக்கு நான் ஊழியர் என்றால் லீவுக்கு நான் யார் என்பது அவர் கேள்வி. அவர் வேலை பார்த்த இடம் எது? தங்கள் அலுவலகம்! சாட்சாத் வருவாய், சுங்கத் துறை! வழக்கு விசாரணைக்கு வரும் நேரத்தில், 2018-இல், 4,200 பவுண்டு சமரசமாகக் கொடுக்கப்பட்டது. நீதிபதி வாய் திறந்து ஒரு முன்மாதிரித் தீர்ப்பு எழுதுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் உபதேசித்த விதி தன் வீட்டு வாசலில் எப்படி நடந்துகொண்டது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா? 4,200 பவுண்டு ஒருவருக்குக் கிடைத்தது, அவர் கேட்டதால். கேட்க நேரமும் துணிவும் இல்லாதவர்களின் 4,200 பவுண்டுகள் எங்கே?

கலைத்துறைக்குத் தாங்கள் ஆற்றிய தொண்டையும் விட்டுவிட முடியாது. தொலைக்காட்சித் தொகுப்பாளர்களைத் தாங்கள் ஒருவர் பின் ஒருவராக நீதிமன்றத்துக்கு இழுத்தீர்கள். லொரெய்ன் கெல்லி ஐடிவியின் காலை நிகழ்ச்சியில் லொரெய்ன் கெல்லியாகவே வருபவர். சுமார் 1.2 மில்லியன் பவுண்டு வரி கேட்டு வழக்கு. 2019-இல் அவர் ஜெயித்தார். அவருடைய வேலையின் மேல் தொலைக்காட்சிக்கு இருந்த கட்டுப்பாடு போதவில்லை என்பது முக்கியக் காரணம். ஆனால் அந்தத் தீர்ப்பில் இன்னொரு ரத்தினமும் இருந்தது. அவர் திரையில் காட்டுவது அவர் அல்ல, தம்மையே ஒரு பாத்திரமாக்கி நடிக்கிறார், ஆகவே அவர் மேடைக் கலைஞர் என்று தீர்ப்பாயம் கண்டது. கேரி லினெக்கரிடம் 4.9 மில்லியன் பவுண்டு கேட்டு 2023-இல் தோற்றீர்கள். வேறு சிலரிடம் ஜெயித்தீர்கள். ஒரே மாதிரி சோபா, ஒரே மாதிரி காமிரா, ஒரே மாதிரிச் சிரிப்பு. ஒருவர் ஊழியர், மற்றவர் தொழிலதிபர். எங்கள் நர்ஸ் அக்காக்களுக்கு இதிலிருந்து ஒரு யோசனை பிறந்திருக்கிறது. இனிமேல் ஊசி போடும்போது, நான் ஊசி போடவில்லை, ஊசி போடும் நர்ஸாக நடிக்கிறேன் என்று நோயாளியிடம் சொல்லிவிடுவது. ஆனால் லினெக்கருக்கு வைத்த வக்கீலை நர்ஸுக்கு யார் வைப்பது? எந்தப் பக்கம் நியாயம் என்பதற்கு முன்னால், எத்தனை வருஷம் தாக்குப்பிடிக்கப் பணம் இருக்கிறது என்பதே எங்கள் வழக்குகளின் முதல் கேள்வி.

2021 ஏப்ரல் 6 முதல் பெரிய, நடுத்தரத் தனியார் கம்பெனிகளுக்கும் இதே விதி. பெரிய வங்கிகள் 2019-லேயே காற்று எந்தப் பக்கம் என்று மோந்து, சொந்தக் கம்பெனி வைத்திருக்கும் காண்ட்ராக்டர் இனி வேண்டாம் என்று கதவைச் சாத்தின. யாரையும் ஆராயவில்லை. ஆராய்ந்தால் செலவு, தப்பினால் அபராதம், சாத்தினால் இலவசம்.

‘இன்சைட்’ என்று முடிவு செய்தால் அதைக் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும் என்ற உரிமையைத் தாங்கள் எங்களுக்குக் கொடுத்தீர்கள். நன்றி. முடிவு தப்பென்றால் ஆட்சேபிக்கலாம் என்ற உரிமையும் கொடுத்தீர்கள். மிக்க நன்றி. யாரிடம் ஆட்சேபிப்பது? முடிவெடுத்த அதே கம்பெனியிடம். அது 45 நாளில் யோசித்து, நாங்கள் சொன்னதே சரி என்று பதில் எழுதும். யார் மேல் பிராதோ அவரே பஞ்சாயத்துத் தலைவர், அவரே பதினெட்டுப் பட்டி. எங்கள் பக்கத்துப் படங்களில் ஆலமரத்தடியில் இப்படிக் காட்சி வந்தால் தியேட்டரில் கல் பறக்கும்.

இதற்கிடையே முதலாளி பங்கு நேஷனல் இன்சூரன்ஸ் என்ற தெய்வீக விளையாட்டைச் சொல்ல வேண்டும். பெயரைப் பார்த்தால் முதலாளி கட்டுவது போலத் தோன்றும். எங்கள் கூலியிலிருந்து அதைப் பிடிக்கக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. ஆகவே யாரும் பிடிப்பதில்லை. பிடிக்காமலே வாங்குவதற்கு, காண்ட்ராக்டரைப் பேப்பரில் தன் ஊழியராக எடுத்துக்கொள்ளும் அம்பர்லா கம்பெனி என்று ஒன்று நடுவில் வந்து நிற்கிறது. ஏஜென்சி ஒரு நாளுக்கு 500 பவுண்டு என்று பேசும். வாரத்துக்கு 2,500. கைக்கு வரப்போவது அதுவென்று புது ஆள் வீட்டில் சொல்லி, பிள்ளைக்கு சைக்கிளும் வாங்கிவிடுவார். அந்த 2,500 அம்பர்லாவுக்குக் கொடுக்கும் பணம், இவருக்கல்ல. 2025 ஏப்ரல் முதல் உள்ள 15 சதவீதக் கணக்கில் முதலாளி பங்கு ஏறத்தாழ 309 பவுண்டு அதிலிருந்து போகும். தொழில் பழகுநர் லெவி என்று 0.5 சதவீதம், அதாவது 11 பவுண்டு. அம்பர்லா தன் கமிஷனாக 25 எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 2,155. பென்ஷனுக்கான பிடித்தத்தைச் சேர்க்கவே இல்லை. இந்த 2,155 தான் இவருடைய சம்பளம் என்று பேஸ்லிப்பில் ஏறும். அங்கிருந்து இவர் பங்கு நேஷனல் இன்சூரன்ஸும் வருமான வரியும் முறைப்படி தொடங்கும். முதலாளி வரியையும் கட்டி, ஊழியர் வரியையும் கட்டி, இரண்டுக்கும் கணக்கு எழுதும் கூலியையும் கட்டுபவர் ஒரே ஆள்.

அம்பர்லாவில் சேர்ந்தால் உரிமை உண்டே, அங்கே நீங்கள் முறையான ஊழியர்தானே என்று தாங்கள் கேட்கலாம். உண்டு, ஐயா. ஹாலிடே பே உண்டு. அது எங்கள் 2,155-க்குள்ளேயே அறுத்து வைக்கப்படும். 1,923 சம்பளம், 232 விடுமுறைப் பணம் என்று பேஸ்லிப்பில் இரண்டு வரியாகப் பிரித்து, எங்கள் பணத்தை எங்களுக்குச் சலுகையாக வழங்குவார்கள். சில அம்பர்லாக்கள் அந்தப் பணத்தைத் தனியே ஒதுக்கி வைத்தன. வருஷ முடிவுக்குள் கேட்காதவர்களுக்கு அது காலாவதி. தன் விடுமுறைக்குத் தானே சேர்த்த பணத்தைக் கேட்க மறந்த குற்றத்துக்கு அபராதம்!

அம்பர்லாவிலும் தரம் உண்டு. யோக்கியமாக நடத்துபவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் காண்ட்ராக்டர்களை நூறு குட்டிக் கம்பெனிகளாக உடைத்து, சிறு முதலாளிகளுக்கு அரசு தரும் சலுகையை ஒவ்வொன்றின் பெயரிலும் சுருட்டிய கூட்டத்தை 2021-இல் பிபிசி வெளிப்படுத்தியது. அந்தக் கம்பெனிகளின் இயக்குநர்கள் யார்? பிலிப்பைன்ஸில் இருந்த சாதாரண ஜனங்கள், ஆயிரக்கணக்கில். ஆக பிர்மிங்ஹாமில் கோவிட் சோதனை மையத்தில் நிற்கும் ஒரு தொழிலாளி, தன் முதலாளி யார் என்று தேடினால் மணிலாப் பக்கம் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அங்கே போய் ஹாலிடே பே கேட்டால், தங்களைப் போலவே அவரும் விழிப்பார். ஒரே வித்தியாசம், அவர் விழிப்பது நிஜம். 2026 ஏப்ரல் 6 முதல், அம்பர்லா வரியைக் கட்டாமல் விழுங்கினால் ஏஜென்சி தலையில் அந்தப் பாக்கி விழும் என்று விதி செய்திருக்கிறீர்கள். பாராட்டுகிறோம். அந்தப் பொறுப்பு வரிக்கும் நேஷனல் இன்சூரன்ஸுக்கும் மட்டும். எங்கள் விடுமுறைப் பணத்தை விழுங்கினால் அந்த விதி வாய் திறக்காது. தங்கள் பணத்துக்குக் காவல் நாய், எங்கள் பணத்துக்கு நாய் படம் போட்ட பலகை.

2020 மார்ச் ஞாபகம் இருக்கிறதா? கோவிட் வந்தது. தனியார் துறை விதியை ஓராண்டு தள்ளிப்போட்டீர்கள். கருணை. அதே மாதம் ஊழியர்களுக்கு 80 சதவீதச் சம்பளம், சுயதொழில் செய்பவர்களுக்குத் தனி உதவி என்று அரசு அறிவித்தது. சொந்தக் கம்பெனி வழியாக வேலை பார்த்தவர் சுயதொழில் வரிசையில் போய் நின்றார். நீ கம்பெனி, போ என்றார்கள். ஊழியர் வரிசையில் நின்றார். உன் கம்பெனி உனக்குக் கொடுத்த சின்னச் சம்பளத்துக்கு மட்டும் 80 சதவீதம், டிவிடெண்டு கணக்கில் வராது என்றார்கள். அதையும் வாங்க வேண்டுமானால் அவர் தன் கம்பெனிக்கு எந்த வேலையும் தேடக் கூடாது. இருபது வருஷமாக, அது டிவிடெண்டு அல்ல, வேடம் போட்ட சம்பளம் என்று கூவியவர்கள் தாங்கள். பசி நாள் வந்ததும் அது சம்பளமே அல்ல, அசல் டிவிடெண்டு என்று தெளிந்துவிட்டீர்கள்.

பிரபுக்கள் சபையின் நிதி மசோதா துணைக்குழு அடுத்த மாதமே, 2020 ஏப்ரலில், இப்படி வரி மட்டும் கட்டி உரிமை எதுவும் இல்லாத ஒரு வகை ஊழியர்களை உண்டாக்குவது அநியாயம் என்ற கருத்தை அறிக்கையாகவே கொடுத்தது. பிரபுக்கள்! பரம்பரை நிலச்சுவான்தார்களும் அப்போது உட்கார்ந்திருந்த சபை. அவர்களுக்கே கூச்சமாக இருந்ததை, தொழிலாளர் வரியை எண்ணிப் பிழைக்கும் தாங்கள் இயல்பாக எடுத்துக்கொண்டீர்கள்.

அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 2017 ஜூலையில், பிரதமர் தெரசா மே கேட்டு மேத்யூ டெய்லர் ஓர் ஆய்வறிக்கை கொடுத்தார். வரிக்கு யார் ஊழியரோ அவரே உரிமைக்கும் ஊழியர் என்று இரண்டு சட்டங்களையும் நெருங்கிவரச் செய்யுங்கள் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அரசு ஏற்றுக்கொண்டு தலையாட்டியது. 2018-இல் கருத்துக் கேட்டது. பிறகு நான்கு ஆண்டு யோசித்தது. 2022 ஜூலையில், இப்போது மாற்றினால் குழப்பம் வரும் என்று சொல்லிக் கோப்பைக் கட்டிவைத்தது. எங்கள் வரியை மாற்றியபோது வராத குழப்பம்! சரி, சட்டம் மாற்ற அவகாசம் வேண்டும்தானே என்று நாங்களும் நினைத்திருப்போம். இரண்டே மாதத்தில், 2022 செப்டம்பர் 23 அன்று, அன்றைய நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் எழுந்து 2017, 2021 மாற்றங்களை அடியோடு ரத்து செய்வதாக அறிவித்தார். கம்பெனிகள் வக்கீல்களை அழைத்தன, ஏஜென்சிகள் ஒப்பந்தங்களைத் திருத்தின. 24 நாள். அக்டோபர் 17 அன்று புது நிதியமைச்சர் ஜெரெமி ஹன்ட் எழுந்து அந்த ரத்தை ரத்து செய்தார். வரி என்றால் ஒரு மாதத்துக்குள் போகவும் வரவும் முடிகிறது. உரிமை என்றால் ஐந்து வருஷம் நடந்தும் வாசல் வரவில்லை.

தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்று எப்போதும் சொல்கிறீர்கள். 2013 முதல் 2017 வரை அங்கே வழக்குப் போட 1,200 பவுண்டு வரை கட்டணம் கேட்டீர்கள். உச்ச நீதிமன்றம் அது சட்ட விரோதம் என்று தள்ளியது. இப்போது கட்டணம் இல்லை, பொறிதான் இருக்கிறது. ஒரு காண்ட்ராக்டர் போய், நான் நிஜத்தில் ஊழியன், என்னைக் காரணமில்லாமல் நீக்கினார்கள் என்று வாதாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ‘அவுட்சைட்’ ஆக வேலை பார்த்த ஆண்டுகளின் கோப்பை அந்த வாதத்தைக் கொண்டே தங்களால் திறக்க முடியும். உரிமை கேட்டு வாய் திறந்தால் அதே வாக்குமூலம் வரி நோட்டீஸாகத் திரும்பி வரலாம். மூடினால் உரிமை போகும். காலக்கெடுவோ சில மாதங்களே. அதற்குள் வாயை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டும்.

ஐயா, நாங்கள் வரி கட்ட மறுக்கவில்லை. ஊழியர் வரி என்றால் ஊழியர் வரி. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் காற்றில் நடப்பதில்லை என்று எங்களுக்கும் தெரியும், அவற்றில் பாதி இடங்களில் வேலை பார்ப்பதே நாங்கள்தான். எங்களை ஊழியன் என்று எழுதிய அதே தாளில், அதே மையில், அடுத்த வரியில் விடுமுறை, நோய்க்காலம், நோட்டீஸ், பென்ஷன் என்று எழுதத் தங்கள் பேனாவுக்கு என்ன வலி?

பாராட்டு மடலோடு பணமுடிப்பு வைப்பது எங்கள் வழக்கம். முடிப்பு எங்களிடம் இல்லை. ஆகவே தொழில் மரபுப்படி ஓர் இன்வாய்ஸ் இணைத்திருக்கிறோம். 2017 ஏப்ரல் முதல் பொதுத்துறையிலும், 2021 ஏப்ரல் முதல் தனியார் துறையிலும், சொந்தக் கம்பெனியோடு ‘இன்சைட்’ முத்திரை வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஆண்டொன்றுக்கு 5.6 வார விடுமுறைச் சம்பளம். வேலை முடிந்தது என்று வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மின்னஞ்சலில் தெரிந்துகொண்டவர்களுக்கு நோட்டீஸ் காலக் கூலி. முதலாளி பங்கு நேஷனல் இன்சூரன்ஸாக எங்கள் ரேட்டிலிருந்து போனது முழுவதும், அதைக் கட்டியிருக்க வேண்டிய முதலாளி யார் என்று தாங்கள் கண்டுபிடித்து அவரிடம் வாங்கிக்கொள்ளலாம். தொழில் பழகுநர் லெவி முழுவதையும் திருப்பித் தர வேண்டும், எங்களில் யாருக்கும் எந்தத் தொழிலும் பழக்கப்படவில்லை. ஏற்கெனவே பட்டுவாடா ஆன 4,200 பவுண்டைக் கழித்திருக்கிறோம். 2024 ஏப்ரல் வரை, காண்ட்ராக்டர் கட்டிய வரியைக் கழிக்காமல் அதே பணத்துக்கு இரண்டாம் தடவை முழு வரி கேட்டவர்கள் தாங்கள். நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம்.

தவணை 30 நாள். தாமதத்துக்குத் தாங்கள் எங்களிடம் வாங்கும் அதே வட்டி. இந்தத் தொகையில் தங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தெரிவிக்கலாம். எங்கள் குழு 45 நாளில் பரிசீலித்துப் பதில் அனுப்பும். குழுவில் இருப்பதும் நாங்களே.